'நோ காஸ்ட்' தவணையில் போன் வாங்கும்போது

பிள்ளைகளின் ஆன்லைன் படிப்புக்காகப் புதுப் போன் வாங்காத வீடு நம் மஹல்லாவில் குறைவு. கடையில் "நோ காஸ்ட் இ.எம்.ஐ., வட்டியே கிடையாது பாய்" என்கிறார்கள். நாமும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. அல்லது ரொக்கத்துக்கு உரிய தள்ளுபடி நமக்குக் கிடைக்காமல் போகிறது. கிரெடிட் கார்டில் எடுத்தால் மாத பில்லைப் பாருங்கள்: வட்டி என்றே தனியாக எழுதி, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போட்டிருப்பார்கள். தவணை தவறினால் அபராதம் வேறு.

கடைக்காரரே தம் பொருளை ஒரே விலை பேசி முடித்து, தவணையில் தருவது வேறு. அதைப் பெரும்பாலான உலமாக்கள் அனுமதிக்கிறார்கள். நிதி நிறுவனம் இடையில் வந்து கடன் கொடுத்துக் கூடுதலாக வாங்குவது வேறு. ஆகவே முதலில், "ரொக்கம் கொடுத்தால் என்ன விலை?" என்று கேளுங்கள். தவணைகளையும் கட்டணங்களையும் கூட்டி, அதோடு ஒப்பிடுங்கள்.

படிப்புக்கு அவசியம், கையில் பணமில்லை என்றால், கையெழுத்துப் போடுமுன் நம் பைத்துல்மால் அலுவலகத்துக்கு வாருங்கள். கர்ளே ஹஸனா கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.