ஏரி வண்டலும் ஏழை நிலமும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது குலத்தாரிற் பெரும்பாலோர் உழுதுண்டு வாழ்பவர். அவருள் செம்மண் மேட்டிலும் மணற்பாங்கிலும் பயிரிடுவோர், பெய்த மழை தங்காமலும் இட்ட உரம் நில்லாமலும் வருந்துகின்றனர். இதற்கு மருந்து நமது ஏரியின் அடியிலேயே கிடக்கிறது.

மழைநீர் மேட்டு நிலங்களின் நுண்ணிய மண்ணையும் மக்கிய தழைகளையும் வாரிக்கொணர்ந்து ஏரியிற் படியவிடுகிறது. அதுவே வண்டல், கரம்பை என்பாருமுளர். அதிலுள்ள களித்துகள் நீரையும் பயிருணவையும் பற்றிக்கொள்ளும். ஆகவே மணற்பாங்கான நிலத்தில் அதனைக் கலந்தால் ஈரம் அதிக நாள் நிற்கும். கடலை, கேழ்வரகு முதலியன இடைவறட்சியைத் தாங்கும். ஏரியும் ஆழம் பெறும்.

சித்திரை, வைகாசியில் ஏரி வறண்டபோது வண்டலை வெட்டியெடுத்து, கட்டிகளை உடைத்துப் பரப்பி, உழுது கலக்கவேண்டும். உவர் கலந்ததாயின் நிலம் கெடுமாதலால், முன்னரே மண் பரிசோதனை செய்வித்தல் அவசியம். கரையடியில் தோண்டலாகாது, கரை பலமிழக்கும்.

2017-ம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் விவசாயிகள் வண்டலை இலவசமாய் எடுக்க வழிசெய்தனர்; 2024-ல் தாசில்தாரே அநுமதி வழங்கலாமென ஏற்பாடாயிற்று. ஆயினும் மண் இலவசமேயன்றி வண்டிக்கூலி இலவசமன்று. செல்வர் வயலுக்கு வண்டல் போக, இரண்டு ஏக்கர் உடைய ஏழை வெறுங்கையனாய் நிற்பது நமக்கு அழகோ? ஆதலின் சங்க நிதியில் ஒரு பகுதியை வண்டிக்கூலிக்கு வட்டியின்றிக் கடனாய் வழங்கி, அறுவடையிற் பெற்றுக்கொள்ளும்படி இச்சபையார் தீர்மானிக்கவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.