பழைய வீட்டை இடிப்பதற்கு முன்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடு பழுதுபார்த்தல் குறித்துப் பேசுமாறு நிர்வாகத்தார் கேட்டபோது, நாங்கள் பொறியாளர்கள் அல்லவே என்று தயங்கினோம். ஆயினும், எங்கள் குடும்பத்துப் பழைய வீட்டைச் செப்பனிட்டதில் நாங்கள் கற்றதும், கையைச் சுட்டுக்கொண்டதும் பிறருக்குப் பயன்படக்கூடும் என்பதால் இசைந்தோம்.

எங்கள் வீடு பாட்டனார் காலத்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பில் எழுப்பிய கனத்த சுவர், நடுவில் முற்றம், பர்மாத் தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் மாடி. வாப்பா காலமான பின்னர் அவ்வீட்டை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. எங்கள் வழக்கப்படி அது தங்கை மகளுக்குத் திருமணத்தின்போது அளிக்கப்பட வேண்டிய வீடு. "ஒழுகும் வீட்டையா பெண்ணுக்குக் கொடுப்பது? இடித்துவிட்டு காங்கிரீட் வீடாகக் கட்டிவிடலாம்" என்றனர் வெளிநாட்டிலிருந்த சகோதரர்கள். அதில் நியாயம் இருந்தது. உம்மாவோ, "நான் இருக்கும்வரை கடப்பாரை வைக்காதீர்கள்" என்று கூறிவிட்டார்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தபோது, அதைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினோம். மூன்று மழைக்காலம் கழியுமுன் சுவர் முழுதும் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அதை உள்ளேயே அடைத்துவிடும் என்பதை அதன் பின்னரே அறிந்தோம். வீட்டின் நோய் என்று நாங்கள் கருதியதில் பாதி, நாங்கள் செய்த வைத்தியத்தால் வந்தது!

சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய கொத்தனார் ஒருவரை வெளியூரிலிருந்து அழைத்து வந்தோம். அவர் மாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். சுவருக்குள் புதைந்த முனைகளில் ஈரத்தாலும் கரையானாலும் கெட்டவை ஐந்து மட்டுமே. அருகிலுள்ள தெருவில் இடிக்கப்பட்ட வீட்டின் தேக்குச் சட்டங்களை வாங்கி, ஆணிகளைப் பிடுங்கி, ஆசாரியைக் கொண்டு அளவுக்கு அறுத்து மாற்றினோம். அவ்வீட்டுச் செங்கல்லும் எங்களுக்கு உதவிற்று. சுண்ணாம்பில் கட்டிய செங்கல்லைத் தட்டினால் சாந்து தனியே கழன்றுவிடும்; சிமெண்டில் கட்டியதோ பெரும்பாலும் உடைந்துபோகும்.

மாடியின் மேல்தளத்திற்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, நாட்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கினர். அதன்மேல் தட்டோடு பதித்தனர். சிமெண்ட் பூச்சை அகற்றிச் சுவர்களை நெடுநாள் காயவிட்டு, மீண்டும் சுண்ணாம்பே பூசினோம்.

இதில் சுற்றுச்சூழல் நன்மை என்ன என்று கேட்கலாம். சிமெண்ட் சுடுவதற்குச் சுமார் 1450 டிகிரி வெப்பம் தேவை. சுண்ணாம்பிற்குச் சுமார் 900 டிகிரி போதும். உலகில் மனிதரால் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருவது. சுண்ணாம்புச் சூளையும் அவ்வாயுவை வெளியிடவே செய்கிறது. எனினும் சாந்து இறுகும்போது அதில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப ஈர்த்துக்கொள்கிறது. எல்லாவற்றிலும் பெரிய சிக்கனம், நிற்கின்ற சுவரை நிற்கவிடுவதே. அதற்கு மீண்டும் சூளை மூட்ட வேண்டியதில்லை. மேலும், உப்புக்காற்று வீசும் கடற்கரையில் கம்பி துருவேறிக் காங்கிரீட் பிளப்பதை நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

இது புதுமையன்று. 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தைத் தாயகமாக்கிக்கொண்டு, 2007இல் மறைந்த லாரி பேக்கர், பழைய கதவு சன்னல்களைக் கொண்டே எத்தனையோ வீடுகளைக் கட்டினார். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், பல ஊர்களில் இடிபடவிருந்த வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள்.

ஆயினும் பழையது அனைத்தும் நல்லதன்று. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைத்துப் பயன்படுத்தலாகாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. பழைய கதவுகளின் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தைகள் இருக்கும் இடத்தில் அதை உலரத் தேய்க்கக் கூடாது. மின்கம்பிகளையும் குடிநீர்க் குழாய்களையும் நாங்கள் முற்றிலும் புதிதாகவே அமைத்தோம். குளியலறைக்கு சிமெண்டையே பயன்படுத்தினோம்.

செலவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொருளுக்கான செலவு குறைந்தது, கூலி கூடியது. ஆறு மாதத்தில் முடியும் என்று எண்ணிய வேலை ஓராண்டைக் கடந்தது. சகோதரர்களிடம் கடிந்த சொற்களையும் கேட்டோம். ஆனால் அக்கூலி நம்மவர் கைக்கே சென்றது. நம்மூர் இளைஞர் இருவர் அக்கொத்தனாரிடம் தொழில் கற்றுக்கொண்டனர்.

நிறைவாக, ஜமாஅத்திற்கு இரண்டு வேண்டுகோள்கள். பழைய வீட்டை இடிக்க எண்ணுவோர், அதற்குமுன் விவரமறிந்த ஒருவரைக் கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டும். இடித்தே தீர வேண்டிய வீடுகளும் உண்டு, அதை அவர் சொல்லட்டும். இரண்டாவதாக, இடிபடும் வீடுகளின் சட்டம், கதவு, ஓடு ஆகியவற்றைச் சேர்த்து வைக்க ஜமாஅத் ஒரு கொட்டகை அமைத்தால், கூரை மாற்ற வழியற்ற ஏழைக் குடும்பங்களுக்கு அவை உதவும். ஒரு வீட்டில் குப்பையாவது மற்றொரு வீட்டில் கூரையாகும்.

வேலை முடிந்தபின் பெய்த முதல் மழையில், உம்மா வழக்கம்போல் ஒழுகும் இடங்களில் வைப்பதற்குப் பாத்திரங்களை எடுத்து வந்தார். இரவெல்லாம் அவை உலர்ந்தே கிடந்தன. வெளிநாட்டுச் சகோதரர்களுக்குக் காலையில் அவரே தொலைபேசியில் அச்செய்தியைச் சொன்னார். தங்கை மகளின் திருமணம் அந்த முற்றத்திலேயே நடந்தது.