நமக்காக அழுதவர்கள்

(உத்தரகோசமங்கை மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லண்டன் கன்சர்வேடிவ் கட்சியைப் பத்தி உத்தரகோசமங்கையில ஏன் பேசணும்னு கேக்குறீங்க. காரணம் இருக்கு.

1930இல் ஓய்வுபெற்ற வெள்ளை அதிகாரிகளும் அக்கட்சியின் பிடிவாதக்காரர்களும் கூடி இந்தியப் பேரரசுச் சங்கம் அமைத்தார்கள். இந்தியாவுக்கு அதிகாரம் தராதே என்று சொந்தக் கட்சித் தலைமையையே நெருக்கினார்கள். 1931 மார்ச் 18இல் ஆல்பர்ட் மண்டபத்தில் சர்ச்சில் பேசினார். ஆறு கோடித் தீண்டப்படாதவர்களைப் பார்ப்பனர் கையில் விடலாமா என்று உருகினார்.

அதே நேரம் நம்ம ஜில்லாவுல என்ன நடந்துச்சு? 1930 டிசம்பரில் இந்த ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் எட்டுத் தடை போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டை போடக்கூடாது. பெண்கள் மேலாடை போடக்கூடாது. மண்பானை தவிர வேறு பாத்திரம் கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறியவர்கள் குடிசை எரிந்தது, ஆடுமாடு கொள்ளை போனது. 1931 ஜூனில் எட்டு பதினொன்றானது. பிள்ளைகள் படிக்கவும் கூடாது. சென்சஸ் கமிஷனர் ஹட்டனே இதை எழுதி வைத்திருக்கிறார். எழுதத் தெரிஞ்ச சர்க்காருக்குத் தடுக்கத் தெரியல.

1933இல் இந்தியப் பாதுகாப்பு லீக் வந்தது. அது நமக்கு ஓட்டு கேக்கல. வெள்ளைக்காரன் பிடி தளரக்கூடாதுன்னு கேட்டுச்சு. 1935 ஜூனில் 386க்கு 122 என்று தோற்றது.

அம்பேத்கர் ஏமாறவில்லை. 1930 நவம்பரில் வட்டமேசையில், நீங்கள் வந்தபின் எங்களுக்குக் கிணறு திறந்ததா, கோயில் திறந்ததா என்று வெள்ளையரிடமே கேட்டார். மக்களாட்சிதான் வேண்டும் என்றார்.

1961இல் அதே கட்சிக்குள் மண்டே கிளப் முளைத்தது. கறுப்பர், ஆசியர் குடியேற்றத்தை நிறுத்து என்றது. 2001இல்தான் கட்சி அதோடு உறவை நிறுத்திவைத்தது.

அங்கே போன நம்மவர்களைச் சாதி விடவில்லை. சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று 2013இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அரசுக்குக் கடமை விதித்தது. இந்து அமைப்புகள் எதிர்த்து நெருக்கின. 2018 ஜூலையில் கன்சர்வேடிவ் அரசு அதைக் கைவிடுவதாக அறிவித்தது. பார்ப்பனரைக் காட்டி நமக்காக அழுத கட்சி, சாதிக்கு ஒரு சட்டம் என்றதும் வாயை மூடிக்கொண்டது.

இந்த ஊர் மரகத நடராசருக்கு வருசம் பூராவும் சந்தனக்காப்பு. ஆருத்ராவுக்குத்தான் களைவார்கள். கட்சிக்காரன் கருணையும் காப்புதான், தோழர்களே. இங்கேயும் நமக்காக அழுறவன் வருவான். அழுகையப் பாக்காதீங்க. நிலம், படிப்பு, ஓட்டு, சட்டம் — இதுல எதைக் குடுத்தேன்னு கேளுங்க. அன்னைக்குக் காப்பு களையும்.