கருவறை வரை செல்லும் புகை



மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மணமகன் மனைவியின் வீட்டிற்கே குடிவருவது நெடுநாளைய வழக்கம். மகள் கருவுற்றால் அவள் உண்பதும் உறங்குவதும் தாயின் கண்காணிப்பில் நடைபெறும். திண்ணையில் மாமனார் புகைக்கும் சுருட்டையும் மருமகன் புகைக்கும் பீடியையும் மட்டும் எவரும் பொருட்படுத்துவதில்லை. “அவளா புகைக்கிறாள்?” என்பர்.

2016ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, 13 ஆய்வுக் குழுக்களைச் சேர்ந்த 6,685 சிசுக்களின் இரத்தத்தை ஆராய்ந்தது. கருவுற்ற காலத்தில் தாய் புகைத்திருந்தால், சிசுவின் மரபணுத் தொகுதியில் 6,000க்கும் மேற்பட்ட இடங்களில் இரசாயனக் குறிகள் வேறுபட்டிருந்தன. மரபணுவின் எழுத்துக்கள் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். பாடநூலின் ஓரத்தில் ஆசிரியர், “இதைப் படி”, “இதை விடு” என்று பென்சிலால் குறித்துக் கொடுப்பதில்லையா? அத்தகைய குறிகளே மாறியிருந்தன. நூல் அதுவே, வாசிப்பு வேறு. இவற்றுட் பல, குழந்தை பள்ளிக்கு வரும் வயதிலும் அழியாதிருந்தன.

நம் பெண்கள் புகைப்பது அரிது. வெற்றிலையோடு புகையிலை மெல்வோர் உண்டு. அதிலும் நிக்கோட்டின் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் நம் வீடுகளில் எழும் வினா தந்தையைப் பற்றியது. தந்தையின் புகை இடும் குறிகளைப் பற்றிய சான்று, தாயின் புகையைப் பற்றியதைப் போல வலுவானதன்று. அதனை மறைத்துப் பேசுதல் ஆசிரியனுக்கு அழகன்று. ஆனால், பிறர் விடும் புகையைச் சுவாசிக்கும் கர்ப்பிணியின் குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும் என்பதில் ஐயமில்லை.

மருமகனிடம் இதனைச் சொல்ல மாமியார் கூசுவார், மனைவியும் தயங்குவாள். சொல்லக்கூடியவர் மாமனார் ஒருவரே. அவரும் முதலில் தம் கைச்சுருட்டை அணைத்தாக வேண்டும்.