பக்கம் பார்த்துத் தட்டு!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"கம்ப்யூட்டர் பற்றி ஏதாவது பேசுப்பா, ஆனா சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடிச்சிடு" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

'பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அது பேச்சுக்குச் சொன்னது. வாயை மூடிக்கொண்டு கீபோர்டில் தட்டுவதையும் ஒட்டுக்கேட்கலாம் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். இன்று அதுவும் நடக்கக்கூடிய காரியம்.

கதை பழசுதான். 1956-ல் சூயஸ் கால்வாய் நெருக்கடி. லண்டனிலிருந்த எகிப்துத் தூதரகத்தில், ரகசியச் செய்தி அனுப்பும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் உளவுத்துறை ஒரு மைக்கை வைத்தது. காலையில் அந்த இயந்திரத்தின் சக்கரங்களைத் திருப்பி வைக்கும்போது எழும் 'கிளிக் கிளிக்' சத்தத்தை வைத்தே ரகசியக் குறியீட்டை உடைத்தார்கள். அந்த வேலையில் இருந்த பீட்டர் ரைட், 1987-ல் வெளிவந்த 'ஸ்பைகேட்சர்' நூலில் இதை எழுதியிருக்கிறார்.

சரி, கீபோர்டுக்கு வருவோம். எல்லா விசையும் ஒரே மாதிரிதானே சத்தம் போடுது என்று நமக்குத் தோன்றும். மிருதங்கத்தில் நடுவில் தட்டினால் ஒரு நாதம், ஓரத்தில் தட்டினால் வேறு நாதம் அல்லவா? விசைகளுக்கு அடியில் இருக்கும் தகடும் அப்படித்தான். அடி விழும் இடத்துக்கு ஏற்ப ஒலி சற்றே மாறுகிறது. நம் காதுக்குப் பிடிபடாத அந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துவிடும் என்று 2004-ல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் அசோனோவ், அகர்வால் இருவரும் காட்டினார்கள். அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், ஒருவர் 10 நிமிடம் ஆங்கிலத்தில் தட்டிய ஒலிப்பதிவிலிருந்து 96 சதவீத எழுத்துகள் வரை மீட்டுவிட்டார்கள். எந்த ஒலி எந்த எழுத்து என்று யாரும் சொல்லித் தரவில்லை. எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்ற மொழி வழக்கமே போதுமானதாக இருந்தது.

2023-ல் பிரிட்டனின் டர்ஹாம், சர்ரே, ராயல் ஹாலோவே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் செயற்கை நுண்ணறிவைப் புகுத்தினார்கள். ஒரு லேப்டாப்பில் 36 விசைகள், ஒவ்வொன்றையும் 25 தடவை தட்டினார்கள். அந்த ஒலிகளைப் படங்களாக மாற்றி, படங்களை அடையாளம் காணும் மென்பொருளுக்குப் பழக்கினார்கள். 17 சென்டிமீட்டர் தள்ளி வைத்த சாதாரண செல்போனில் பதிவான ஒலியிலிருந்து 95 சதவீத விசைகளை அது சரியாகச் சொன்னது. ஜூம் வழியே கேட்டபோதும் 93 சதவீதம்!

நாளைக் காலையே எல்லோருடைய பாஸ்வேர்டும் பறிபோய்விடும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. அது ஆய்வுக்கூடத்தில், பழக்கிய அதே லேப்டாப்பில் வந்த முடிவு. 95 சதவீதம் என்பதும் ஒரு விசைக்குத்தான். 8 எழுத்துப் பாஸ்வேர்டு முழுவதும் முதல் தடவையே சரியாக வரவேண்டுமானால் 0.95-ஐ எட்டு தடவை பெருக்குங்கள், ஏறக்குறைய 66 சதவீதம்தான் வரும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1956-ல் ஓர் அரசாங்கமே இறங்கிச் செய்த வேலைக்கு, இன்று ஒரு செல்போனும் ஒரு லேப்டாப்பும் போதும்.

"எங்கிட்ட மறைக்க என்ன சார் இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நாம் தட்டுவதெல்லாம் நம் விஷயம் மட்டும்தானா? ஆஸ்பத்திரியில் பதிவுச்சீட்டு போடுபவர் தட்டுவது இன்னொருவரின் வியாதியை. வங்கியில் தட்டுவது இன்னொருவரின் கடனை. கல்லூரி அலுவலகத்தில் தட்டுவது, ஃபீஸ் கட்ட முடியாத ஒரு மாணவனின் விண்ணப்பத்தை. நமக்கு மறைக்க எதுவும் இல்லாமல் இருக்கலாம். அவர்கள் ரகசியத்தைத் தூக்கிக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

என்ன செய்யலாம்? ஆன்லைன் மீட்டிங்கில் எதையாவது தட்டுவதற்கு முன் மைக்கை அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்டோடு நின்றுவிடாமல் ஓ.டி.பி., கைரேகை என்று இரண்டாவது பூட்டும் போடுங்கள். கைரேகைக்குச் சத்தம் கிடையாது! ஆண்ட்ராய்டு 12 முதல் பச்சை அடையாளமும், ஐபோனில் ஐ.ஓ.எஸ். 14 முதல் ஆரஞ்சுப் புள்ளியும் மைக் விழித்திருப்பதைக் காட்டும். காரணமில்லாமல் அது எரிந்தால், எந்த ஆப் கேட்கிறது என்று பார்த்து அனுமதியை ரத்து செய்யுங்கள். இன்னொன்று, பார்க்காமல் பத்து விரலாலும் தட்டுபவர்களை அடையாளம் காண்பது கடினமாம். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் முடித்த மூத்தவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

கடைசியாகத் தம்பி தங்கைகளுக்கு. நாளைக்கு 'மைக்கைப் பயன்படுத்த அனுமதிக்கவும்' என்ற அந்த வரியை ஆப்பில் எழுதப்போவது உங்களில் ஒருவர்தான். 2023-ல் நம் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: மருத்துவ ஆலோசனை தரும் ஒரு ஆப், போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது. பயனர் சரி என்றே சொன்னாலும், சேவைக்குத் தேவையில்லாததற்கு அந்தச் சம்மதம் செல்லாது என்கிறது சட்டம். "எதுக்கும் இருக்கட்டும், மைக்கையும் சேர்த்துப் போடு" என்று உங்கள் மேலதிகாரி ஒருநாள் சொல்லக்கூடும். அன்றைக்கு "எதுக்கு சார்?" என்று ஒரு தடவை கேளுங்கள். ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேருக்காக நீங்கள் கேட்கும் கேள்வி அது. கேட்கும் துணிச்சலை இந்தக் கல்லூரி உங்களுக்குத் தந்திருக்கிறது.

மணி அடிக்கப் போகிறது.