கண்ணாடிப் பாய்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி எல்லையைத் தாண்டினால் ஏலமலை, இடுக்கி மாவட்டம். போடியில் ஏலம் போகும் ஏலக்காயை நாடே அறியும். அதே மலையில் பிறந்த கண்ணாடிப் பாயை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

ஊராளி, மன்னான், முதுவர் முதலான பழங்குடி மக்கள் பின்னும் பாய் அது. காட்டில் வளரும் மெல்லிய மூங்கிலின் உட்பகுதியை நார் நாராகச் சீவி, பூவேலைப்பாடு தெரியப் பின்னுவார்கள். கண்ணாடியாய் மின்னும், அதனால்தான் அந்தப் பெயர். கோடையில் குளிர்ச்சி, பனிக்காலத்தில் கதகதப்பு. அந்தக் காலத்தில் அரசர்களுக்கே காணிக்கையாகக் கொடுத்திருக்கிறார்கள். 2025-இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

முதுவர்களுக்கு ஒரு வழிவழிக் கதை உண்டு. மதுரையை விட்டுப் பிள்ளைகளை முதுகில் சுமந்துகொண்டு மலையேறி வந்தவர்களாம் அவர்களின் முன்னோர். அப்படி வந்தவர்கள் அந்தக் காட்டு மூங்கிலைக் கையில் எடுத்து அதையே தங்கள் கலையாக்கிக்கொண்டார்கள் என்பது எனக்குப் பெரிய வியப்பு. வந்த மண்ணோடு ஒட்டுவதற்கு இதைவிட அழகான வழி ஏது?

குறியீடு வாங்கினால் மட்டும் பாய் பிழைக்காது. மூங்கில் வளரக் காடு வேண்டும், பின்னுகிற கைக்கு நியாயமான கூலியும் வேண்டும். அடுத்த முறை மலையேறுகிறவர்கள், ஏலக்காயோடு இந்தப் பாயையும் விசாரித்துப் பாருங்கள்.