ராஜதந்திரப் பாஷையும் காரைக்காலும்
(காரைக்காலில் பேசியதன் சாரம்)



ராஜாங்கங்கள் ஒன்றோடொன்று பேசும் பாஷையைப் பற்றி இன்று பேசப் போகிறோம். அது நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கலாம். இவ்வூரில் பிறந்தவர்களுக்கு அதைவிடச் சொந்தமான விஷயம் வேறில்லை என்போம்.

1967 நவம்பர் 22-ல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 242-ம் தீர்மானம் போட்டது. இஸ்ரேல் பிடித்த பிரதேசங்களை விட்டு விலக வேண்டுமென்பது அதில் ஒரு பகுதி. இங்கிலீஷில் 'தி' என்ற சொட்டெழுத்தை விட்டுவிட்டார்கள். ஆகவே சில பிரதேசங்கள் போதுமென்று இஸ்ரேல் சொல்லிற்று. பிரெஞ்சில் 'தே' என்றிருக்கிறது. ஆகவே எல்லாம் என்றார்கள் அரபுகள். பிரெஞ்சு படித்த காரைக்கால்காரருக்கு இது உடனே விளங்கும். கைத்தவறா? இல்லை. தெளிவாய் எழுதியிருந்தால் 15 பேரும் கைதூக்கியிருக்க மாட்டார்கள்!

இனி நம் கதைக்கு வருவோம். 1739-ல் தஞ்சை அரசனிடமிருந்து பிரெஞ்சுக்காரர் இவ்வூரைப் பெற்றபோது ஊராரை யாரும் கேட்கவில்லை. 1948 ஜூனிலோ, ஜனங்களே தீர்மானிக்கட்டுமென்று இரு சர்க்கார்களும் சொல்லின. சந்திரநாகூரில் 1949-ல் ஜனங்கள் வோட்டுப் போட்டார்கள். நமக்கு? 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டுமென்றார்கள், 8 பேர் வேண்டாமென்றார்கள். முடிவை நாம் குறை சொல்லவில்லை. 'ஜனங்கள்' என்ற சொல் 178 ஆகச் சுருங்கியதைத்தான் சொல்லுகிறோம்.

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறிற்று. ஆனால் அது 'டி ஃபாக்டோ', அதாவது நடைமுறையில் மட்டும் என்பதாகச் சொல்லப்பட்டது. சட்டப்படி விடும் உடன்படிக்கை 1956 மே 28-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் அமுலுக்கு வந்தது. ஏனிந்தத் தாமதம்? அதே 1954 நவம்பர் 1-ல்தான் ஆல்ஜீரியாவில் சண்டை மூண்டது. இங்கே விட்டோமென்று எழுதினால் அங்கே அதையே சாட்சியாகக் காட்டுவார்களென்ற பயம் பாரிஸில் பலருக்கிருந்தது. 1962 ஜூலையில் ஆல்ஜீரியா விடுதலையடைந்தது. அடுத்த மாதமே நம் காகிதமும் வந்துவிட்டது!

அந்தக் காகிதத்தில்தான் நம் வீடுகள் இருந்தன. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜை ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கலாம்; எழுதிக்கொடுக்காவிட்டால் இந்தியப் பிரஜை. படித்தவனும் பட்டாளத்துக்குப் போய்வந்தவனும் யோசித்து எழுதினார்கள், அல்லது யோசித்தே விட்டார்கள். ஷரத்து இன்னதென்று காதில்கூட விழாத வயற்காட்டுக் கூலியாள் சும்மா இருந்தான். அவன் சும்மா இருந்ததையே அவனுடைய பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.